தெரியாது கயிறு

அந்த வகுப்பு நடந்தது செவ்வாய்க்கிழமையா வியாழக்கிழமையா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அறிவழகன் இதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார். முதல் தடவை, அன்று காலையில் தூறல் போட்டதாகச் சொன்னார். இரண்டாவது தடவை, வெயிலில் கண் கூசியது என்றார். இரண்டும் சரியாக இருக்கலாம். என் பங்குக்கு நானும் நடுவில் எதையாவது சேர்த்திருக்கலாம். ஒன்று மட்டும் மாறவில்லை. முந்திரி என்ற சொல் வந்த இடத்தில் இரண்டு தடவையும் நிறுத்திவிட்டு, வெகுநேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செந்துறைக்குத் தெற்கே முந்திரிக்காடுகளுக்கு நடுவில் இருக்கும் ஓர் ஊரின் தொடக்கப் பள்ளியில் அவர் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். வயது நாற்பத்திரண்டு. வீடு அரியலூரில். தினமும் சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வரும் பஸ்ஸில் வந்து இறங்குவார். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். அந்த வீட்டுக்குள் முதன்முதலில் வந்த புத்தகம் அவருடைய ஒன்றாம் வகுப்புப் பாடநூல்தான். அதனாலோ என்னவோ, எழுதி வைக்கிற எதுவும் சரியாக இருக்க வேண்டும் என்கிற பயம் சின்ன வயதிலிருந்தே அவருக்கு உண்டு.

பிள்ளைகளுக்கு நீளமான வார்த்தைகள் வந்தால் திக்கும். 'நடத்துநர்' என்று பாடத்தில் வந்தால் பாதியில் நிற்பார்கள், பிறகு வாத்தியார் முகத்தைப் பார்ப்பார்கள். அதற்காகத்தான் அவர் கயிறு கட்ட ஆரம்பித்தார். சன்னல் கம்பியிலிருந்து எட்டு நைலான் கயிறுகள் தொங்கும். ஒவ்வொரு கயிற்றின் அடியிலும் ஒரு வேர்ச்சொல். அதற்கு மேலே அதிலிருந்து கிளைத்த சொற்களைத் துணி கிளிப்பால் மாட்ட வேண்டும். அட்டைக்குப் பஞ்சமே இல்லை. ஊரில் நடக்கிற கல்யாணங்களின் பத்திரிகைகளைப் பிள்ளைகள் கொண்டுவந்து குவிப்பார்கள், பின்பக்கம் வெற்றாக இருக்கும். 'நட' கயிற்றில் நடை, நடப்பு, நடத்தை, நடைபாதை, நடத்துநர் என்று ஏறிக்கொண்டே போகும். நடத்துநர் என்ற அட்டையைத் திருப்பினால் யாரோ ஒரு மணமகனின் பெயரும் படிப்பும் இருக்கும்.

ஒன்பதாவது கயிறு ஒன்று விளக்குமாறு சாத்தியிருக்கும் மூலையில் தொங்கியது. அதற்குத் தெரியாது கயிறு என்று பெயர். ஒரு சொல்லுக்கு வேர் இதுதான் என்று சாட்சி காட்ட முடியாவிட்டால் அந்தச் சொல் அங்கே போக வேண்டும். அதுதான் வகுப்பின் சட்டம்.

ஒருநாள் ரஞ்சித்குமார் என்கிற பையன் 'நட' கயிற்றில் நடராஜன் என்று மாட்டியிருந்தான்.

"இது யாருடா?"

"எங்க மாமா சார்."

"அவரு ஏன் இங்க தொங்குறாரு?"

"அவருகிட்ட வண்டி இல்ல சார். எங்க போனாலும் நடந்துதான் போவாரு."

வகுப்பு உருண்டு சிரித்தது. அறிவழகனும் சிரித்தார். ஆனால் தமிழ்மொழி சிரிக்கவில்லை. முன்வரிசையில் உட்காரும் ஒல்லியான பெண். எழுந்து போய், மாமாவைக் கழற்றி மூலைக் கயிற்றில் மாட்டிவிட்டு வந்தாள். "சாட்சி இல்லடா," என்றாள். அந்த மூலைக் கயிற்றில் பாதி அட்டைகள் அவளுடையவை. கொசு, தக்காளி, பம்பரம், காணி. வாத்தியாருக்கே தெரியாத ஒரு சொல்லைக் கண்டுபிடித்துவிட்டால் அவளுக்கு அன்றைக்குச் சோறு வேண்டாம்.

மணிவண்ணன் வந்தது சனவரி மாதத்தில். ஊரில் முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகை அவருடையது. பள்ளிக்குத் தன் செலவில் வெள்ளையடித்துத் தருகிறேன் என்று சொல்லி, பெயிண்டரோடு சுவர்களைப் பார்க்க வந்தவர், ஐந்தாம் வகுப்பு வாசலில் நின்றுவிட்டார்.

"என்ன சார், வகுப்புக்குள்ள துணி காயப்போட்டுருக்கீங்க?"

அறிவழகன் விளக்கினார். மணிவண்ணன் தலையாட்டிக்கொண்டே கேட்டு, மூலையைக் காட்டினார்.

"அது?"

"அது வேர் தெரியாத வார்த்தைங்க."

"யாருக்குத் தெரியாது? புள்ளைங்களுக்கா, உங்களுக்கா?"

"எனக்கும்தான்."

"வாத்தியாருக்குத் தெரியாதுங்கறத வாத்தியாரே கயித்துல மாட்டித் தொங்கவிட்டுருக்கீங்க!" மணிவண்ணன் சிரித்தார். பெயிண்டரும் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் அறிவழகனுக்குக் காது சூடானது. அடுத்தவர் வாசலில் அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "எனக்கு என்னங்க தெரியும்" என்று சொல்லிச் சொல்லியே வாழ்ந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

"சரி, என் சரக்குக்குச் சொல்லுங்க பாப்போம். முந்திரி. அதுக்கு என்ன வேர்?"

தமிழ்மொழி அதற்குள் ஒரு வெற்று அட்டையை எடுத்து, முந்திரி என்று எழுதி, மூலையை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

"இரு பாப்பா," என்றார் அறிவழகன்.

அந்த 'இரு பாப்பா'வைத் தான் ஏன் சொன்னோம் என்று பிறகு அவர் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறார்.

"முந்திரியில பூ உதிர்ந்ததும் முதல்ல எது வருது?"

"கொட்டை சார்!" காட்டில் வளர்ந்த பிள்ளைகள். ஒரே குரலில் சொன்னார்கள்.

"அப்புறம்?"

"பழம்!"

"மத்த மரத்துல எல்லாம் கொட்டை பழத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கும். இதுல பழத்துக்கு முந்திக்கிட்டு வந்து வெளியில நிக்குது. முன், முந்து, முந்தி..." அவர் ஒரு கணம் நிறுத்தினார். "முந்திரி."

வகுப்பு கைதட்டியது. மணிவண்ணன் இரண்டு கைகளையும் தூக்கித் தட்டினார். "முப்பது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஒருத்தன் சொல்லலியே!" தமிழ்மொழி மூலையிலிருந்து திரும்பி வந்து 'முன்' கயிற்றில், முந்தானை என்ற அட்டைக்கு மேலே, அதை மாட்டினாள். மாட்டிவிட்டு அவரைப் பார்த்தாள். சாட்சி கேட்கப்போகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. அவள் கேட்கவில்லை. வாத்தியாரே சொன்னபிறகு என்ன சாட்சி?

சொன்ன நேரத்தில் அது அவருக்கே உண்மை மாதிரிதான் இருந்தது. அன்று பஸ்ஸில் உட்கார்ந்து, சே, எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது, இது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். பத்து நாளில் பள்ளியின் வெளிச்சுவரில், சாலையில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி, பச்சைப் பெயிண்டில் இரண்டடி உயரத்துக்கு எழுத்துகள் வந்தன: 'பழத்துக்கு முந்துவதால் முந்திரி.' கீழே உபயம் என்று மணிவண்ணனின் பெயர்.

பிப்ரவரியில் தாய்மொழி நாளுக்கான பேச்சுப் போட்டி வந்தது. தலைப்பு, 'எங்கள் ஊரும் எங்கள் சொல்லும்.' தமிழ்மொழி தானே எழுதிக்கொண்டு வந்தாள். அவளுடைய அம்மா சசிகலா மணிவண்ணனின் கொட்டகையில் கொட்டை உடைப்பவர். ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் பட்டுக் கைகள் கறுத்து, தோல் உரிந்திருக்கும். பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது: என் அம்மாவின் கைகளைக் கறுப்பாக்கும் ஒரு கொட்டைக்கு ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயருக்கு ஒரு வேர் இருக்கிறது. செந்துறையில் நடந்த வட்டாரப் போட்டியில் அவளுக்கு முதல் பரிசு. அடுத்தது அரியலூரில், மாவட்டப் போட்டி. இரண்டு வாரம் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அறிவழகன் அரியலூர் நூலகத்துக்குப் போனார். பேச்சுக்கு மேலும் ஒரு சான்று கிடைத்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் போனார். அப்படித்தான் அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். பெரிய அகராதியின் பக்கங்கள் ஓரம் மடங்கி, பழுப்பேறி இருந்தன. முந்திரி என்ற சொல்லுக்கு நேராக முதலில் திராட்சைக் கொடி என்று போட்டிருந்தது. இரண்டாவதாகத்தான் இந்த மரம். வேறொரு புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். மரம் கடல்கடந்து, கப்பலில் பிற்பாடு வந்தது. சொல் அதற்கு முன்பே இங்கே இருந்திருக்கிறது, ஒரு கொடியின் பெயராக. இல்லாத மரத்தின் கொட்டையைப் பார்த்து யார் பெயர் வைத்திருப்பார்கள்? அப்படியென்றால் சரியான வேர் எது என்று தேடினார். ஒரு புத்தகம் ஒன்று சொன்னது, இன்னொரு புத்தகம் இன்னொன்று சொன்னது. உறுதியாகத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். பழத்துக்கு முந்திய கதை சனவரி மாதத்தில், ஐந்தாம் வகுப்பில், அவருடைய வாயில் பிறந்தது.

புத்தகத்தை மூடினார். மறுபடி திறந்தார். நூலகர் வந்து மின்விசிறியை நிறுத்தியபிறகுதான் எழுந்தார்.

அதன்பிறகு அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காலையில் வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் வந்தார். மறுநாள் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, அந்தச் சுவர் கண்ணில் படாமல் காட்டுவழியாக நடந்தார். காட்டில் பூ உதிர்ந்து கொட்டைகள் வந்திருந்தன. பழத்துக்கு முந்திக்கொண்டு, எல்லாக் கிளையிலும். துடைத்த கரும்பலகையைத் திரும்பத் துடைத்தார். டீயை வாங்கி வைத்துவிட்டுக் குடிக்க மறந்தார். பாடம் நடத்தும்போது 'முன்' கயிற்றுக்கு முதுகைக் காட்டியபடி நிற்கப் பழகிக்கொண்டார்.

தலைமையாசிரியர் வெற்றிச்செல்வியிடம் முதலில் சொன்னார்.

"அவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்," என்றார் அவர். "அறிவு சார், அந்த ஒரு வார்த்தையால புள்ளைங்க முன்னோடி, முன்னுரை, முந்தையன்னு எத்தன கத்துக்கிட்டாங்க? வேர் பிடிக்கத் தெரிஞ்சுபோச்சு. உங்க வேலை முடிஞ்சுது. இப்பப் போயி அந்தப் புள்ள மனச உடைக்காதீங்க. நம்ம பள்ளிக்கூடத்துப் புள்ள மாவட்டத்துக்குப் போறது இதான் முதல் தடவ."

மணிவண்ணனிடம் போனார். கொட்டகை வாசலில் அவர் பாக்கெட்டுக் கவர்களைப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு கவரிலும் அதே பச்சை எழுத்து.

"பாத்தீங்களா சார், உங்க வார்த்தை சிங்கப்பூர் வரைக்கும் போவப்போவுது."

"அது தப்புங்க."

"எது?"

"நான் சொன்னது. அகராதியில அப்படி இல்ல."

மணிவண்ணன் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரொம்பச் சாவகாசமாகச் சொன்னார். "அகராதிய எவன் சார் வாங்குறான்? முந்திரிய வாங்குறான்."

திரும்பும்போது சசிகலா உள்ளேயிருந்து, எண்ணெய் ஒட்டாமலிருக்கத் தடவிய சாம்பல் படிந்த கையோடு ஓடி வந்தார்.

"சார், ஒரு நிமிசம். அந்தப் புள்ள வூட்டுல பேசிப் பேசிக் காட்டுது சார். இத்தன வருசமா உடைக்கிறேன், இதுக்குப் பின்னால இப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியாது. இப்பல்லாம் ஒவ்வொண்ணையும் ஒரு தடவ பாத்துட்டுத்தான் சார் உடைக்கிறேன்." சிரித்தார். "அதுல வேலைதான் கொஞ்சம் மெதுவாவுது."

அறிவழகன் சொல்ல வாயைத் திறந்தார். "நல்லா பழகச் சொல்லுங்க," என்று மட்டும் வந்தது.

தினமும் கடைசி மணியில் தமிழ்மொழி அவர் முன் நின்று பேசிப் பழகினாள். தினமும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அவள் அந்த இடத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி, வலதுகையை மெல்லத் திறந்து காட்டுவாள், உள்ளங்கையில் ஒரு கொட்டை இருப்பது போல. பேசி முடித்துவிட்டு அவருக்காகக் காத்திருப்பாள். அவர் சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போடுவார். "நல்லாயில்லையா சார்?" என்று ஒருநாள் கேட்டாள். "நல்லாருக்கு," என்றார். அது பொய் இல்லை என்பதுதான் அவருக்குப் பெரிய உபத்திரவமாக இருந்தது.

போட்டியன்று அறிவழகன் செந்துறைக்கு வந்து தாயையும் மகளையும் கூட்டிக்கொண்டார், மூன்று பேரும் அங்கே அரியலூர் பஸ் ஏறினார்கள். சசிகலா கொட்டகைக்கு லீவு போட்டிருந்தார். கைகளை எலுமிச்சம்பழத்தால் தேய்த்துக் கழுவியிருந்தார், கறுப்பு போகவில்லை. போட்டி நடந்த பள்ளியில் பெரிய புங்கமரம் இருந்தது. தமிழ்மொழிக்குப் பதினோராவது எண். ஆறாவது பிள்ளை பேசிக்கொண்டிருந்தபோது சசிகலா தண்ணீர் பிடித்துவரப் போனார். மைக்கின் சத்தம் மரத்தடி வரைக்கும் வந்தது.

இப்போது சொல்லாவிட்டால் மேடையில் அவள் அவருடைய பொய்யைத் தன் அம்மாவின் கையில் வைத்துக் காட்டுவாள். பரிசு வாங்கினாலும் வாங்குவாள்.

"தமிழ்மொழி, முந்திரிக்கு நான் சொன்ன வேர் சரியில்லம்மா."

அவள் பேச்சுத்தாளிலிருந்து நிமிர்ந்தாள்.

"அன்னிக்கு நானா சொன்னது. புத்தகத்துல பாத்தேன், அப்படி இல்ல. சரியானது எதுன்னு எனக்குத் தெரியல."

அவள் தாளை நான்காக மடித்தாள். அழப்போகிறாள் என்று பயந்தார். அவள் அழவில்லை.

"எப்பப் பாத்தீங்க?"

"பன்னெண்டு நாளாச்சு."

"அன்னிக்கு நான் மூலைக்குத்தானே சார் எடுத்துக்கிட்டுப் போனேன்?"

"ஆமா."

"ஏன் நிறுத்துனீங்க?"

"அவரு சிரிச்சாரு. எனக்கு வெக்கமாப் போச்சு."

அவள் அவரையே பார்த்தாள். பத்து வயதுப் பிள்ளையின் பார்வை என்று அதைச் சொல்ல முடியாது. "நாங்க அங்க மாட்டும்போது எங்களுக்கு வெக்கமா இருக்காதா சார்? தெரியாதுன்னு சொல்றதுல ஒண்ணும் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

புங்கமரத்தின் நிழல் அவர்கள் காலடியிலிருந்து கொஞ்சம் நகர்ந்திருந்தது. எட்டாவது எண்ணைக் கூப்பிட்டார்கள். ஒன்பதாவது எண்ணைக் கூப்பிட்டார்கள்.

"அந்த இடத்த விட்டுட்டுப் பேசலாம்," என்றார் கடைசியில்.

"விட்டா அதுல என்ன சார் இருக்கு?" என்று சொல்லிவிட்டு எழுந்து, பாவாடையைத் தட்டிக்கொண்டு, அம்மா வரும் பக்கமாக நடந்துபோனாள்.

மேடையில் அவள் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. அம்மாவின் கைகளைச் சொன்னாள். கொட்டகையைச் சொன்னாள். கொட்டைக்கு ஒரு பெயர் இருக்கிறது என்றாள். பிறகு, அந்தப் பெயருக்கு என்று ஆரம்பித்து நின்றுவிட்டாள். வலதுகை பாதி திறந்தபடி இருந்தது. அவள் மறந்துவிட்டாள் என்று அரங்கு மொத்தமும் நினைத்தது. ஒரு நடுவர் பரிவோடு "சொல்லும்மா, சொல்லு," என்றார்.

"அந்தப் பெயருக்கு வேர் எனக்குத் தெரியாது," என்றாள் தமிழ்மொழி. "எங்கள் வகுப்பில் தெரியாத சொற்களுக்கு ஒரு கயிறு இருக்கிறது. முந்திரி அதில்தான் தொங்க வேண்டும். நன்றி, வணக்கம்."

ஐந்து நிமிடப் பேச்சில் இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. யாரோ இரண்டு பேர் கைதட்டினார்கள். பரிசு வேறு பிள்ளைகளுக்குப் போனது.

அவர்களை ஊரில் விட அறிவழகனும் கூடவே ஏறினார். பஸ்ஸில் சசிகலாவுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "வூட்டுல அவ்வளவு பேசுனியே புள்ள, அங்க போயி மறந்துட்டியே!"

"மறக்கலம்மா."

"பின்ன?"

தமிழ்மொழி சன்னலுக்கு வெளியே பார்த்தாள். சொல்ல வேண்டியது யார் என்பது தெரிந்தவள் போல, வாயைத் திறக்கவில்லை. முன் இருக்கையில் இருந்த அறிவழகன் திரும்பி உட்கார்ந்தார். நடந்ததையெல்லாம் சசிகலாவிடம் சொன்னார். கயிறு, மணிவண்ணனின் சிரிப்பு, நூலகம், பன்னிரண்டு நாள். பஸ்ஸின் இரைச்சலில் சிலவற்றை இரண்டு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது, பக்கத்தில் இருந்தவர்களும் கேட்டார்கள். சசிகலா தன் கைகளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். ஊரில் இறங்கும்போது, "என்கிட்ட அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல சார், கொட்டகை வாசல்ல," என்றார்.

மறுநாள் காலை பிரேயர் முடிந்ததும் அறிவழகன் வகுப்பில் 'முன்' கயிற்றிலிருந்து அந்த அட்டையைக் கழற்றினார். தான் செய்ததைப் பிள்ளைகளிடம் சொன்னார். மூலைக் கயிற்றில் இடமில்லை. ரஞ்சித்குமார் எழுந்து வந்து தன் மாமாவைக் கொஞ்சம் மேலே தள்ளி மாட்டி இடம் பண்ணிக் கொடுத்தான். யாரும் சிரிக்கவில்லை. மாட்டிவிட்டுத் திரும்பியபோது தமிழ்மொழியைப் பார்த்தார். அவள் பாடநூலைத் திறந்து வைத்துக் குனிந்திருந்தாள்.

சாயங்காலம் ஒரு சட்டி சுண்ணாம்பு வாங்கிவந்து வெளிச்சுவரை அவரே அடித்தார். பச்சை எழுத்து மூன்று பூச்சுக்கும் அடங்கவில்லை.

தமிழ்மொழி அந்த வருடம் முழுவதும் அவர் கேட்டதற்குப் பதில் சொன்னாள், தானாக ஒன்றும் கேட்கவில்லை. இப்போது செந்துறையில் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். பேச்சுப் போட்டிகளுக்குப் போவதில்லை. சசிகலா அதே கொட்டகையில்தான் வேலை பார்க்கிறார். மணிவண்ணன் அச்சடித்த கவர்கள் தீரும்வரை விற்றார், தீர்ந்தபின் மறுபடியும் அதையே அச்சடித்தார். வெற்றிச்செல்வி பணி ஓய்வு பெற்று மகள் வீட்டோடு திருச்சிக்குப் போய்விட்டார். ரஞ்சித்குமாரின் மாமா ஒரு பழைய வண்டி வாங்கினார். அறிவழகன் மாறுதலில் பெரம்பலூர் பக்கம் ஒரு பள்ளிக்குப் போனார். அங்கேயும் கயிறுகள் கட்டியிருக்கிறார். மூலையில் ஒன்பதாவதும் இருக்கிறது, அதில் முந்திரிதான் முதல் அட்டை. பழைய பள்ளிச் சுவரில் மழை பெய்து ஈரம் ஏறினால் அந்த எழுத்துகள் இன்னும் தெரிகின்றன.